துணி காயாத ஊர்: நீலகிரியில் சீனக் கைதிகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

நடுவட்டம் பழைய ஜெயிலுக்கு அம்மாவை நான் கூட்டிப் போனது ஒரு ஜூலை மாதம். ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் பைக்காரா தாண்டி, மலை மேற்கே சரியத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது நடுவட்டம். அன்றைக்குக் காலையிலிருந்தே சாரல். பத்தடி தள்ளி நிற்கும் ஆள் தெரியாத அளவுக்கு மூடுபனி. உள்ளே தடித்த சுவர், சின்ன அறைகள், பகலிலும் இருட்டு. வந்திருந்த மற்றவர்கள் அறைக்குள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா சுவரை ஒரு தடவை உள்ளங்கையால் தடவினார். கை ஈரமானது. சேலையில் துடைத்துக்கொண்டே கேட்டார்: “ஏம்பா, இத்தனை பேரு துணிய எங்க காயப் போட்டிருப்பாங்க?”

அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் இந்தச் சரிவுகளில் கொழுந்து பறித்தவர். ஜூன் பிறந்தால் செப்டம்பர் வரை எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், அடுப்புக்கு மேலே கயிறு கட்டித்தான் துணி தொங்கும். புகை வாசனையோடு ஸ்கூலுக்குப் போவோம். அடுப்பும் கயிறும் சொந்தமாக இருந்த எங்களுக்கே அப்படி. பூட்டிய அறைக்குள் இருந்தவர்கள் என்ன செய்திருப்பார்கள்? இந்த ஜெயிலைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் தப்பித்ததையும் கொலையையும் எழுதியிருக்கிறார்கள். அம்மா கேட்டதை யாரும் கேட்கவில்லை. எனக்கும் அவர் கேட்கும்வரை தோன்றவில்லை.

யார் இவர்கள்

பிரிட்டனும் சீனாவும் மோதிய ஓபியம் (அபினி) போரில் பிடிபட்ட சீனச் சிப்பாய்கள் இங்கே அடைக்கப்பட்டார்கள் என்று எங்கள் பக்கத்தில் சொல்வது வழக்கம். சுற்றுலா வருகிறவர்களுக்கும் டிரைவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். 1908-இல் வெளியான நீலகிரி மாவட்ட கெசட்டியர், அதாவது அரசாங்கத்தின் மாவட்ட விவரத் தொகுப்பு, சொல்வது வேறு. இவர்கள் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் தண்டனை பெற்ற கைதிகள். அங்கே ஜெயிலில் போதுமான இடம் இல்லை. அதனால் மதராஸ் மாகாணத்து ஜெயில்களுக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள். அங்கிருந்து கொஞ்சம் பேரை நீலகிரிக்கு வேலைக்கு ஏற்றினார்கள்.

1867 வரை சிங்கப்பூரும் மதராஸும் ஒரே இந்திய அரசாங்கத்தின் கீழ் இருந்தன. ஆகவே இந்த மாற்றம் அதிகாரிகளுக்கு ஒரு ஃபைலிலிருந்து இன்னொரு ஃபைலுக்குப் போவது மாதிரிதான். இங்கே ஒரு விஷயத்தை நின்று பார்க்க வேண்டும். அதே காலத்தில் இந்தியாவிலிருந்து கைதிகளை, அவர்களில் தமிழர்களும் உண்டு, சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் நாடு கடத்திக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்தது. அதன் உட்சுவருக்குப் பூசியது நம்ம ஊர்ச் சுண்ணச்சாந்து: சுண்ணாம்போடு முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்த்து அரைத்துப் பூசுவது. அங்கிருந்து வந்த சீனக் கைதிகளோ இங்கே ஊட்டிக்குப் பக்கத்தில் லவ்டேலில் லாரன்ஸ் அசைலத்துக்குக் கல் சுமந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பிள்ளைகள் தங்கிப் படிக்கக் கட்டிய பள்ளி அது. நம் ஆள் அவர்கள் ஊரில் கோயில் கட்டினான், அவர்கள் ஆள் நம் ஊரில் பள்ளிக்கூடம் கட்டினான். இரண்டு பேரும் சொந்த ஊருக்குத் திரும்ப முடியாதபடி ஒரு கடலை நடுவில் வைத்தார்கள். தப்பிக்கிற ஆசையை உடைப்பதற்குக் கடலைவிட நல்ல மதில் கிடையாது என்பது அந்த நிர்வாகத்துக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஏன் இந்த மலை

சிங்கோனாவுக்காக. 1860-இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்குப் போய்ச் சிங்கோனா விதையும் நாற்றும் கொண்டுவர ஏற்பாடு செய்தார். ஊட்டி அரசுத் தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த வில்லியம் மெக்ஐவர் அதை இங்கே வளர்த்தெடுத்தார். தொட்டபெட்டாவில் ஒரு தோட்டம், நடுவட்டத்தில் ஒரு தோட்டம். சிவப்புப் பட்டை மரத்துக்கு நடுவட்டத்தின் ஈரமும் இளஞ்சூடும் பிடித்துப்போனது. பட்டையிலிருந்து குயினைன் எடுக்கலாம். மலேரியாவுக்கு அப்போது இருந்த ஒரே நல்ல மருந்து அதுதான்.

சரி, செடி வந்துவிட்டது, ஆள்? தோடர்கள் எருமை மேய்ப்பவர்கள், மண்வெட்டி பிடிப்பவர்கள் அல்ல. படகர்களுக்குச் சொந்த நிலம் இருந்தது, விதைப்பும் அறுப்பும் இருந்தது. கீழிருந்து கூலிக்கு வருகிறவர்கள் மழை வலுத்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். மேற்குச் சரிவில் காடு வெட்டி, குழி தோண்டி, நாற்று நட வேண்டிய மாதங்களும் அந்த மழை மாதங்கள்தான். இறங்கிப் போக முடியாத ஆட்கள் தேவைப்பட்டார்கள். கைதிகளை மெக்ஐவரின் தோட்டங்களுக்கு இரவல் கொடுத்தார்கள்.

இந்த ஜெயில் யாரையும் திருத்துவதற்காக எழுந்த கட்டடம் அல்ல. இதை ஒரு தோட்டத்து லயமாகப் பார்த்தால்தான் அதன் கணக்கு புரியும். பூட்டு வைத்த லயம். எங்கள் குடும்பமே அப்படி ஒரு கணக்கில் வந்ததுதான். 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று கையெழுத்து. தாத்தா பாட்டி காலத்திலிருந்து இலங்கையில் தேயிலை பறித்தவர்கள் கப்பலேறினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க அரசு இதே மலைகளில் தேயிலை நட்டது. எங்களுக்குப் பூட்டு இல்லை, சம்பளம் இருந்தது, ஓட்டு இருந்தது. இரண்டையும் ஒன்று என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் யாரோ எங்கோ எண்ணிக்கை போட்டு, முகம் பார்க்காமல் ஆளை நகர்த்துவது என்றால் என்ன என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும்.

ஒரு நாள் எப்படிப் போயிருக்கும்

கைதிகள் எழுதிவைத்த எழுத்து ஒன்றும் நம் கையில் இல்லை. அவர்கள் பார்த்த வேலையும் இந்த மலையின் மாதங்களும் தெரியும். அந்த இரண்டையும் வைத்து ஒரு நாளைக் கட்டிப் பார்க்கலாம்.

பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி பக்கத்தில் இருக்கும் சிங்கப்பூரில் வருஷம் முழுக்க வேர்க்கும். அங்கே பழகிய உடம்பு ஆறாயிரம் அடிக்கு மேல் வந்து நிற்கிறது. டிசம்பர், ஜனவரியில் நீலகிரி உச்சியில் புல் மேல் உறைபனி வெள்ளையாக விழும். காலையில் மிதித்தால் உப்பு மாதிரி நொறுங்கும், வெறுங்காலில் நடந்தால் கொஞ்ச நேரத்தில் கால் இருப்பதே தெரியாது. இருந்தாலும் அந்தக் குளிரில் பத்து மணிக்கு வெயில் வந்துவிடும். வெயில் வந்தால் முதுகைக் காட்டி நிற்கலாம். நடுவட்டத்தின் கஷ்டம் ஜூன் மாதம்தான் தொடங்கும். மேற்கிலிருந்து ஏறிவரும் மேகத்துக்கு முதல் சுவர் இந்த ஊர். காற்று மழையைப் படுக்கையாக அடிக்கும். மழைக்குத் தலையில் கொங்காணியும் இடுப்பில் படங்குத் துணியும் கட்டிய பெண்களுக்கே சாயங்காலம் உள்பாவாடை வரை நனைந்திருக்கும். காலை நீட்டி உட்கார்ந்தால் விரலிடுக்கில் அட்டை. பிய்த்து எறிந்த இடத்தில் ரத்தம் நிற்காது, அதுவே புண்ணாகும். சேற்றுப்புண்ணுக்கு அம்மா மஞ்சளும் வேப்பெண்ணெயும் போடுவார். கைதிக்கு யார் போட்டிருப்பார்கள்?

அப்புறம் சாப்பாடு. மலை மேல் நெல் விளையாது. ஊட்டிக்கு ரயில் வந்தது 1908-இல். அதற்கு நாற்பது வருஷம் முன்னால் ஒவ்வொரு அரிசி மூட்டையும் கீழ்நாட்டிலிருந்து மாட்டு முதுகிலும் வண்டியிலும் மலைப்பாதை ஏறி வந்தாக வேண்டும். மழையில் பாதை சரிந்தால் அந்த வாரம் மூட்டை வராது. விறகு சோலையில் கிடைக்கும், ஆனால் ஜூலையில் ஈர விறகு எரியாது, புகையும். ஈரத் துணி, ஈர விறகு, ஈரச் சுவர். பொழுது சாய்ந்து கதவு பூட்டியபின் விடியும்வரை அந்த ஈரத்தோடுதான் படுக்கை.

வேலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வெறும் கல் உடைப்பு இல்லை. சிங்கோனாவுக்குக் கை பக்குவம் வேண்டும். பட்டைக்காக மரத்தை வெட்டிச் சாய்ப்பது வீண் என்று மெக்ஐவர் ஒரு முறை கண்டுபிடித்தார். நிற்கிற மரத்தில் மேலிருந்து கீழாகக் கத்தியால் இரண்டு கோடு கிழிப்பது. இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையை உரிப்பது, உள்ளே இருக்கும் வழவழப்பான சவ்வில் விரல் படாமல். உரித்த இடத்தில் ஈரப்பாசியை வைத்து நாரால் கட்டிவிடுவது. பாசிக்கு அடியில் மரம் புதுப்பட்டை வளர்த்துக்கொள்ளும். புதுப்பட்டையில் மருந்துச் சத்து பழையதைவிட அதிகமாக இருந்தது. விரல் பட்டால் அந்த இடம் கறுத்துவிடும். காயத்துக்குக் கட்டு போடுவது மாதிரி ஒரு வேலை அது. மரத்தின் காயத்துக்கு அந்தத் தோட்டத்தில் அத்தனை கவனம் இருந்தது.

பின்னாளில் நடுவட்டத்திலேயே குயினைன் தொழிற்சாலை வந்தது. தபால் ஆபீஸில் சின்னப் பொட்டலமாக விற்ற குயினைன் எத்தனையோ கிராமங்களில் உயிர் காத்திருக்கிறது. அதன் முதல் குழிகளைத் தோண்டியவர்களில் இவர்களும் உண்டு.

இரண்டு தப்பித்தல்கள்

இனி பதிவில் இருக்கும் நிகழ்வுகளுக்கு வருகிறேன். இரண்டும் லவ்டேலில், 1860களின் பிற்பகுதியில், அசைலம் கட்டிக்கொண்டிருந்தபோது நடந்தவை. கட்டட வேலைக்காகக் கொண்டுவந்த சீனக் கைதிகளை அங்கே தற்காலிகக் கொட்டகைகளில் வைத்திருந்தார்கள்.

முதலில் ஏழு பேர் தப்பினார்கள். தாசில்தார் நாலு திசையிலும் படகர்களை அனுப்பித் தேடச் சொன்னார். சில நாளில் ஏழு பேரும் பிடிபட்டார்கள். லவ்டேலைச் சுற்றிப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. கீழே கேத்திப் பள்ளத்தாக்கு முழுக்க ஹட்டிகள், படகர்களின் ஊர்கள். ஒரு ஹட்டியிலிருந்து கூவினால் அடுத்த ஹட்டிக்குக் கேட்கும். முகமும் பேச்சும் வேறாக இருக்கும் ஏழு பேர் அந்தப் பக்கம் போய் ஒரு வாய் தண்ணீர் கேட்க முடியாது. மலையில் மதில் இல்லை, மதிலுக்குப் பதில் மனிதர்கள் இருந்தார்கள்.

அடுத்த வருஷம் ஜூலை 28. புயல்போல் காற்றும் மழையும் அடித்த ராத்திரியில் பன்னிரண்டு பேர் உடைத்துக்கொண்டு வெளியேறினார்கள். அந்த ராத்திரியைத் தேர்ந்தெடுத்ததில் யோசனை இருக்கிறது. காவலாள் உள்ளே ஒதுங்கியிருப்பான், சத்தம் கேட்காது, கால்தடம் விடிவதற்குள் கரைந்துவிடும். முக்கியமாக, அவர்கள் இந்தத் தடவை ஊர்கள் இருக்கும் பக்கம் போகவில்லை. மேற்கே குந்தா மலைகளுக்குள் போனார்கள். அந்தப் பக்கம் உள்ளே போகப்போக ஹட்டி குறைவு. புல்வெளி, சோலை, மறுபடி புல்வெளி. முந்தைய வருஷம் பிடிபட்ட ஏழு பேரிடமிருந்து இவர்கள் பாடம் கற்றிருக்கிறார்கள் என்றே நான் வாசிக்கிறேன்.

அந்த வழியில் ஒரு பழைய பாதை உண்டு. அவலாஞ்சியிலிருந்து சுமார் 7000 அடி உயரத்தில் இருக்கும் சிஸ்பாரா வரை போய், அங்கிருந்து வாலகாட் வழியாக மலபாருக்கு இறங்கும் சிஸ்பாரா கணவாய்ப் பாதை. 1830களில் ஊட்டியையும் கோழிக்கோட்டையும் இணைக்கப் போட்டது. கோழிக்கோடு துறைமுகம். கடல் வழியாகக் கொண்டுவரப்பட்ட ஆள், திரும்பும் வழி என்று நினைத்தால் கடலைத்தான் நினைப்பான்.

ஆனால் ஜூலை கடைசியில் அவலாஞ்சி எப்படி இருக்கும்? 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அது நூறாண்டில் ஒரு நாள் என்றே வைத்துக்கொள்வோம். சாதாரண வருஷத்திலேயே அந்த மாதத்தில் ஓடைகள் ஆறாகிவிடும். நான் ஆகஸ்டில் அந்தப் பக்கம் அனுமதியோடு ஒரு குழுவில் அரை நாள் நடந்திருக்கிறேன். முன்னால் போகிறவரின் ரெயின்கோட் நிறத்தைப் பார்த்துத்தான் கால் வைத்தேன். நல்ல ஷூ, வயிறு நிறைய இட்லி, சாயங்காலம் ஜீப் வரும் என்ற நிச்சயம். இத்தனையும் இருந்தும் இரண்டு மணி நேரத்தில் பல் கிட்டியது. அவர்களிடம் இவற்றில் எதுவும் இல்லை. மலையின் அடிவாரமோ மலேரியாக் காடு. எந்தக் காய்ச்சலுக்கு மருந்தாக நீலகிரியில் மரம் நட்டார்களோ அந்தக் காய்ச்சல்தான் கீழே வாசலில் நின்றது.

ஆயுதம் ஏந்திய போலீஸ் குழுக்கள் மலையெங்கும் தேடின. இரண்டு வாரம் கழித்து மலபாரில் பன்னிரண்டு பேரும் பிடிபட்டார்கள். அவர்களிடம் போலீஸ் ஆயுதங்கள் இருந்தன. தேடப் போன நாலு பேர் கொண்ட ஒரு குழு திரும்பவே இல்லை. செப்டம்பர் 15-இல்தான் வாலகாட் காட்டுக்குள் அந்த நால்வரின் உடல்கள் கிடைத்தன. வரிசையாகக் கிடத்தி, வெட்டிய தலைகளை அவரவர் தோளில் பொருத்தி வைத்திருந்தார்கள். கைதிகள் முதலில் சரணடைவதுபோல் நடித்து, திடீரென்று பாய்ந்து போலீஸாரின் ஆயுதத்தாலேயே அவர்களைக் கொன்றிருக்கிறார்கள் என்று பின்னர் தெரியவந்தது.

இந்தக் கொலையை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. சரணடைகிறேன் என்று கையைத் தூக்கியவனை நம்பியதற்கு நாலு பேர் உயிர் போயிருக்கிறது. அவர்கள் துரைகள் அல்ல, மாதச் சம்பளத்துக்கு மழையில் இறங்கிய சாதாரணக் காவலர்கள். பன்னிரண்டு பேர் ஓடிய காட்டுக்குள் இவர்களை நாலே பேராக அனுப்பியவர்களின் பொறுப்பை எந்த வரியிலும் காணோம். ஜூலை 28-க்கும் செப்டம்பர் 15-க்கும் நடுவில் ஏழு வாரம். அந்த ஏழு வாரமும் நாலு வீட்டில் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள்.

கெசட்டியர் இந்தச் சீனர்களைத் தந்திரக்காரர்கள் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறது. அன்றிலிருந்து எல்லாரும் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டார்கள். நான் கேட்பது வேறு. பிடிபட்டால் என்ன ஆகும் என்று முந்தைய வருஷம் கண்ணால் பார்த்தவர்கள், மலையிலேயே மிக மோசமான மாதத்தில், வழி தெரியாத காட்டுக்குள் இறங்குகிறார்கள் என்றால் அந்தக் கொட்டகைக்குள் வாழ்க்கை எப்படி இருந்திருக்க வேண்டும்? வெளியே அடித்த மழை உள்ளே இருந்த ஈரத்தைவிடத் தேவலாம் என்று பன்னிரண்டு பேர் முடிவு செய்தார்கள். அந்த முகாமைப் பற்றி நமக்குக் கிடைக்கும் நேரடிச் சாட்சியம் அந்த முடிவு ஒன்றுதான்.

மலையிலேயே தங்கியவர்கள்

நீலகிரி இன்னொரு கைதிக் கூட்டத்தையும் பார்த்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பிடிபட்டவர்களில் ஒரு பகுதியைக் கேத்தியில் முகாமில் வைத்திருந்தார்கள். 1902-இல் சமாதானம் ஆனதும் அவர்களுக்குக் கப்பல் வந்தது. சீனக் கைதிகளுக்குத் தண்டனை முடிந்தபோது அப்படி ஒரு சமாதானமும் இல்லை, காத்திருக்கும் நாடும் இல்லை. சிலர் இங்கேயே தங்கினார்கள்.

நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவில், மலைச்சரிவில் ஒரு சின்னக் குடியிருப்பு. காய்கறி போட்டார்கள், கொஞ்சம் காப்பி வைத்தார்கள், மாடு வளர்த்துப் பால் விற்றார்கள். தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டார்கள். அன்று தீண்டாமைக்கு ஆளாகியிருந்த பறையர் சமூகத்துப் பெண்கள் அவர்கள். ஊர் ஒதுக்கிய பெண்ணும் நாடு கடத்திய ஆணும் சேர்ந்து அந்தச் சரிவில் அடுப்பு மூட்டினார்கள். இதில் அந்தப் பெண்களின் துணிச்சலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பாஷை புரியாத, ஜெயிலிலிருந்து வந்த ஒருவனோடு குடும்பம் நடத்தி, தமிழ் பேசும் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார்கள். ஈர விறகை எப்படி எரிப்பது என்று அவனுக்குக் காட்டிக்கொடுத்ததும் அவர்களாகத்தான் இருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மதராஸ் அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் அந்தப் பக்கம் வந்தார். தலையின் நீளம், மூக்கின் அகலம் என்று மனிதர்களை அளந்து பட்டியல் போடுவது அவர் வேலை. மற்ற இடங்களில் அளக்க ஒப்புக்கொள்கிறவர்களுக்கு இரண்டணாவிலிருந்து எட்டணா வரை கொடுப்பது வழக்கம். இந்தக் குடியிருப்புக்கும் ஆள் அனுப்பினார், காசு தருகிறேன், வந்து அளவு கொடுங்கள் என்று. ஏழைகள்தான், ஆனாலும் மரியாதையாகப் பதில் சொல்லி அனுப்பினார்கள். காசு வேண்டாம், எங்களை எடுக்கும் போட்டோவில் ஒரு பிரதி ஞாபகத்துக்குக் கொடுத்தால் போதும்.

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இலங்கையிலிருந்து வரும்போது தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டுவந்த ஒரே குடும்பப் படம் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. பூஞ்சை பிடித்து இரண்டு முகம் அழிந்துபோயிருக்கிறது. மழைக்காலம் வந்தால் அம்மா அதைக் கழற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பார். அன்றைக்கும் எழுந்து போய் அதைக் கழற்றினார். “சாரல் ஆரம்பிச்சிருச்சுப்பா,” என்றார்.